மூடா ஆற்றுக்கு அப்பால் பொங்கல்

மலேசியாவில் மூடா ஆற்றைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகிவிடும். தென்கரை பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. வடகரையில் கெடா தொடங்குகிறது. அங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2023-ல் தைப்பொங்கல் ஞாயிறன்று வந்தது. பினாங்கில் வேலை பார்க்கும் எங்களுக்கு லீவு போடாமலே பொங்கல் கிடைத்துவிட்டது. எங்களை அழைத்திருந்த தோழியின் அண்ணன் சுங்கைப்பட்டாணியில் வேலை பார்ப்பவர். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். “தீபாவளிக்கு அரசாங்கம் லீவு கொடுக்குது. பொங்கலுக்கு நாமளா எடுத்துக்கணும். அப்படி எடுத்துக்கிட்டே வந்ததாலதான் இன்னும் இருக்கு” என்றார்.

நாங்கள் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். கணினிச் சில்லு செய்யும் கம்பெனி வேலை எங்களைப் பினாங்கின் பாயான் லெப்பாசுக்குக் கொண்டுவந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அடுக்குமாடி வீட்டில் பொங்கல் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு எவர்சில்வர் பானை, பால்கனியில் சாக்பீஸ் கோலம், லிட்டில் இந்தியாவில் வாங்கிய கரும்புத் துண்டு இரண்டு. கிழக்கு எது என்று கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பிறகு பிள்ளைகளுக்கு உழவர், சூரியன், மாடு என்று விளக்கம். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டுவிட்டு, “முடிஞ்சிருச்சாம்மா?” என்பார்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற வீடுகளில் பொங்கலோ கிறிஸ்துமஸோ ரம்ஜானோ, ஏறக்குறைய இதுதான் நிலவரம். ஊரே கூடிச் செய்ததை ஒரு வீடு தனியாகச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. காட்டுவது என்று வந்துவிட்டாலே பிள்ளைகள் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

“எங்க தோட்டத்துக்கு வாங்க. அங்க பிள்ளைங்க சும்மா உக்கார முடியாது” என்றாள் தோழி. அவளுடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். நான்கு தலைமுறையாகக் கெடா.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பினாங்குப் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கம் ஜெரெஜாக் தீவு கறுத்துத் தெரிந்தது. தினமும் எங்கள் பால்கனியிலிருந்து பார்க்கிற தீவுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த இடங்களில் அதுவும் ஒன்று. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாரம்போலக் கடலில் வந்தவர்கள், பினாங்குக் கரை கண்ணுக்குத் தெரிய அங்கே காத்துக் கிடந்திருக்கிறார்கள். 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலின் பெயரைக் கெடாவில் வயதானவர்கள் இன்றும் உறவுக்காரர் பெயரைப்போலச் சொல்கிறார்கள். உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்பும் முறையை இந்திய அரசு 1938-ல் நிறுத்தியது. அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் வந்தவர்கள்.

மூடா ஆற்றுப் பாலம் தாண்டியதும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. நடுநடுவே பால்மரம், அதாவது ரப்பர். வட மலேசியாவில் தை மாதம் வறண்ட காலம். மழை இல்லை, வானம் வெளுத்துக் கிடக்கும். பால்மரங்கள் இலை உதிர்க்கத் தயாராகிச் செம்பழுப்பேறி நின்றன. கெடா 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கும் ஹார்வார்ட், டப்ளின், விக்டோரியா என்று கடல் கடந்த பெயர்கள். அந்தப் பெயர்களைத் தமிழ் நாக்குகள் நூறு வருடமாக உருட்டி உருட்டிச் சொந்தமாக்கிக் கொண்டிருக்கின்றன.

பீடோங்கைத் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பினோம். தோட்டத்துக் கோயில் வாசலில் அதற்குள் இருபது முப்பது பேர். இவர்களில் யாரும் இப்போது தோட்டத்தில் குடியிருக்கவில்லை. சுங்கைப்பட்டாணியில், கூலிமில், பட்டர்வொர்த்தில் தாமான் என்கிற குடியிருப்புகளில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் திரும்பி வருகிறார்கள். தோழியின் அம்மா எழுபதைத் தாண்டியவர், எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டி. பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். “வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் என் மகனைப் பார்த்தார். “தம்பி, நீ வெறகு.” மகளைப் பார்த்தார். “நீ பால்.” அவ்வளவுதான். பொங்கல் என்றால் என்ன என்று அங்கே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

விறகு என்பது பால்மரக் கட்டை. மறுநடவுக்காகச் சாய்த்த கிழட்டு மரத்தின் கிளைகளை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். தோட்டத்துப் புகைக்கூடங்களில் ரப்பர் ஷீட்டை உலர்த்த எரித்ததும் இந்தக் கட்டைதான். காய்ந்திருந்தால் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். உள்ளே ஈரமிருந்தால் புகைந்து கண்ணைக் கரிக்கும். எது எப்படி என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு பெரியவர் என் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். ஈரக் கட்டை மந்தமாக ஒலிக்கும், காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஐந்து நிமிடத்தில் பையன் அடுப்பு வரிசை முழுவதற்கும் கட்டை தட்டிக் கொடுக்கும் அதிகாரியாகிவிட்டான்.

மூன்று கல் வைத்த அடுப்பு. மேலே மஞ்சள் கொத்துக் கட்டிய மண்பானை. கரும்பு மூன்றைக் கூம்பாக நிறுத்திக் கட்டியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பு என்றால் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சாறுதான். முழுக் கரும்பு ஆளைவிட உயரமாக இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தார்கள். பானையில் பசும்பாலும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும். வெல்லம் இந்தியாவிலிருந்து வந்தது. “முன்னெல்லாம் வெல்லம் கெடைக்காட்டி கூலா மெலாக்கா போட்டுருவோம். சூரியன் என்ன கேக்கவா போவுது?” என்றார் அம்மா. மலாய்க்காரர் கடைகளில் விற்கும் தென்னை வெல்லம் அது. பொங்கல் கறுத்துத்தான் வரும், மணம் வேறு என்றார். முறை மாறிவிட்டதே என்று ஒருபோதும் தோன்றவில்லையா என்று கேட்டேன். “பொங்குச்சா இல்லையா, அதான் முறை.”

பால்வெட்டுக் காலத்தில் பாட்டியின் பொங்கல் வேறொரு நேரக் கணக்கில் நடந்தது. விடியற்காலை நான்கு, நாலரைக்கு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரையில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பிறகு மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காவடிபோலத் தோளில் சுமக்கும் காண்டா வாளியில் தூக்கிவந்து நிறுத்துக் கொடுக்க மதியமாகிவிடும். பொங்கலன்றும் வெட்டு உண்டு. “வெட்டு முடிச்சுக் குளிச்சுட்டு வந்துதான் பான வைப்போம். நல்ல நேரம்லாம் பஞ்சாங்கத்துல இருந்துச்சு, எங்களுக்குக் கிராணியார் விடுற நேரம்தான் நல்ல நேரம்.” கிராணியார் என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. உழவே செய்யாத, நெல்லே விளைவிக்காத ஒரு கூட்டம், மரத்தைக் கீறிப் பிழைத்த ஒரு கூட்டம், உழவர் திருநாளை ஒரு வருடமும் விடாமல் வைத்திருந்திருக்கிறது.

இதைத் தொழிலாளர்கள் மட்டும் தனியே காப்பாற்றவில்லை. சிங்கப்பூரில் தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணி 1952-ல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். அது மலாயாவெங்கும் பரவியது. சாதி, மதம் பார்க்காமல் மேடை, பேச்சுப்போட்டி, நாடகம் என்று தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவிட்டது. பாட்டியும் ஒரு நாடகத்தில் வேடம் கட்டியிருக்கிறார். என்ன வேடம் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்.

பால் பொங்கும் நேரத்தில் என் மகள் பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தூங்கிட்ட, அடுப்பு அணைஞ்சிரும்” என்று பாட்டி மிரட்டி வைத்திருந்தார். நுரை விளிம்புக்கு வந்து கிழக்குப் பக்கம் வழிந்தது. எங்கள் வீட்டில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று நாங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைகள் சொல்வார்கள். இங்கே மற்ற அடுப்புகளின் குழந்தைகள் கத்தியதில் இவர்கள் குரலும் கலந்து போயிற்று. அடுத்த அடுப்பு பொங்கியது, அதற்கும் கத்தினார்கள், அதற்கடுத்ததற்கும்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயங்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அன்று வேலைநாள்தான் என்றாலும் நேப்பாளத்து இளைஞர் ஒருவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி அவரையும் விடவில்லை. சைகையிலேயே ஒரு கனத்த கட்டையைத் தூக்கிவரச் சொன்னார். கொண்டுவந்து போட்டவர் கைப்பேசியை என் பிள்ளைகளிடம் நீட்டினார். திரையில் அவருடைய ஊர். நான்கு வயது போலிருக்கும் பையன் ஒருவன் எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கும் அன்று மாகே சங்கிராந்தி. சூரியன் மகரத்துக்கு வரும் நாளை அவர்கள் எள், நெய், வள்ளிக்கிழங்கு வகைகளோடு கொண்டாடுகிறார்கள். என் மகள் பொங்கல் பானையைக் கைப்பேசிக் கேமராவுக்குக் காட்டினாள். அந்தப் பையன் எள்ளுருண்டையைக் காட்டினான். பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பதன் கஷ்டங்களைப் பேசுகிற எங்களுக்கு, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் எதிரில் நின்றபோது பேச்சு எழவில்லை. வாழையிலையில் பொங்கல் வாங்கிக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தனியாளாக வந்து இதே லயத்தில் படுத்தவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள். கடிதம் மட்டும் போயிருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் நிழலில் பேச்சு வளர்ந்தது. பாட்டியின் அப்பா தொண்டர் படையில் கம்பு சுழற்றியவராம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கெடாத் தோட்டங்களில் இளைஞர்கள் கட்டிய அமைப்பு அது. ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமை. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பறிகொடுத்திருந்த தோட்டங்கள் அவை. மிஞ்சி வந்தவர்களின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்கிக்கொண்டிருந்தது. தோட்ட நிர்வாகமே அனுமதித்த கடை. தொண்டர் படை அதன் முன் மறியல் செய்தது. கூலி, மரியாதை என்று கோரிக்கைகள் வளர்ந்தன. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம், கைதுகள். அன்று கெடா முழுவதும் தோட்டங்கள் கொதித்துக் கிடந்தன. அந்த மரண ரயில் பாதையின் கொடுமையைச் சுங்கைப்பட்டாணிக்காரரான எழுத்தாளர் கோ. புண்ணியவான் ‘கையறு’ நாவலில் எழுதியிருக்கிறார்.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். துண்டு துண்டாக வாங்கியவர்கள் ஆட்களை வெளியேற்றினார்கள். அதைத் தடுக்கத்தான் மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதாமாதம் கட்டிய காசைச் சேர்த்துச் சங்கம் தோட்டம் வாங்கியது. முதலில் வாங்கியது இந்தக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. ஆனாலும் பல தோட்டங்கள் போயே போயின. செம்பனையாயின, தாமானாயின, தொழிற்பேட்டையாயின. மரம் போனாலும் கோயில் நின்ற இடங்களில் பொங்கல் நிற்கிறது.

மாலையில் தோழி எங்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனாள். பீடோங்கிலிருந்து மெர்போக் வழியாகக் கொஞ்ச தூரம்தான். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில் அருங்காட்சியகம். பின்புறம் ஓடையோரம் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம். 1960 வாக்கில் சேர்த்துக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. இதுதான் கடாரம் என்றதும் மகன் நிமிர்ந்தான். அவனுக்குக் கடாரம் நடிகர் விக்ரமின் படம் மூலமாகத் தெரியும். “நாம ஜெயிச்ச ஊரா இது?” என்றான். தோழி சிரித்தாள். “நீங்க ஜெயிச்சீங்க தம்பி. நாங்க வந்து பால் வெட்டுனோம்.”

இராஜேந்திர சோழன் படை 1025-ல் கடாரத்துக்கு வந்தது என்பதோடு தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் கதையை முடித்துவிடுகிறது. அதற்கு இருபது வருடம் முன்பு, கடாரத்து அரசன் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான் என்பது செப்பேட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் கடாரத்துக்காரர்கள் நாகையில் அயலூர்க்காரர்களாக இருந்து தங்கள் சாமியைக் கும்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கொடி கட்டி வந்ததைவிட இந்தக் கதை என் பிள்ளைகளுக்குப் பொருத்தமாகப் பட்டது, அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அலோர்ஸ்டார் பக்கம் போனோம். குருண் தாண்டியதும் மலை விலகி நிலம் தட்டையாகிவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் நெல். மலேசியாவின் நெற்களஞ்சியம் இதுதான். மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-ல் இங்கே இருபோகம் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் எக்டேர். தை மாதத்தில் பிரதானப் பருவப் பயிர் முற்றி, சில வயல்கள் மஞ்சளாகவும் சிலவற்றில் அறுவடை இயந்திரம் இறங்கியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வான் முகமது சமான் கால்வாய் சாலையோடு கூடவே வந்தது. காவிரிக் கடைமடைக்காரிக்கு அந்த மண்வாசனை புதிதல்ல. நெல் முற்றியிருந்த இந்தச் சமவெளியில் பொங்கல் இல்லை. பொங்கல் வைத்த தோட்டங்களில் நெல் இல்லை.

“இவங்க ஏன் பொங்கல் வைக்கல?” என்று மகள் கேட்டாள். விடை குனோங் கெரியாங் அடிவாரத்திலிருக்கும் நெல் அருங்காட்சியகத்தில் கிடைத்தது. 2004-ல் திறந்த கட்டடம். மேல்தளத்தில் வட கொரிய ஓவியர்கள் தீட்டிய சமவெளிக் காட்சி சுற்றுச்சுவர் முழுவதும் ஓடுகிறது. நடுவே நாம் உட்காரும் மேடை மெதுவாகச் சுழல்கிறது. பிள்ளைகள் இரண்டு சுற்றுக்குப் பிறகும் இறங்கவில்லை. கீழ்த்தளத்துப் பொருள்களில் உள்ளங்கையில் மறையும் சிறு கத்தி ஒன்று உண்டு. அந்தக் காலத்து மலாய் விவசாயிகள் நெல்லுக்கு உயிர் உண்டு என்று நம்பினார்கள். அரிவாளைக் கண்டால் அது பயந்து ஓடிவிடும் என்பதால், கத்தியை விரல்களுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு கதிர் கதிராக அறுத்தார்கள். மகள் தன் விரல்களை மடக்கி அந்தக் கத்தியைப் பிடிப்பது எப்படி என்று பார்த்தாள். இந்த வயலுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. அதன் வடிவம்தான் வேறு.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்குத் திரும்பினோம். அன்று மாட்டுப் பொங்கல். ஒரு காலத்தில் லயத்துக்கு லயம் மாடு இருந்ததாம். இப்போது ஒரே ஒரு குடும்பம் செம்பனை நிழலில் சில மாடுகளை மேய்க்கிறது. கொம்புக்குப் பூசப் பெயிண்ட் டப்பா பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டது. மகன் ஒரு கொம்பை மஞ்சளும் மறு கொம்பை நீலமுமாக அடித்து முடித்தான். மாடு தலையை ஆட்டியதில் சட்டையும் நீலமாயிற்று. யாரும் அதட்டவில்லை.

கிளம்பும் நேரத்தில் பாட்டி அடுத்த வருடத்துக்கான ஏற்பாட்டைச் சொன்னார். விறகு என் மகன் பொறுப்பு. மார்கழியிலேயே தட்டிப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். மகள் தேங்காய் துருவப் பழகிக்கொண்டு வர வேண்டும். நாங்கள் என்ன கொண்டுவரட்டும், அரிசியா வெல்லமா என்று கேட்டேன்.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. பிள்ளைங்கள நேரத்தோட கொண்டாந்து விட்டா போதும்.”